படியேறுகிறவர்கள் படியை இடிப்பதில்லை

2001ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்று மாத இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஒன்றைப் பற்றி உலகம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது. மற்றொன்றை நம்மைப் போன்ற சிலர்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

உலகம் பேசுவது நவம்பர் 30ஆம் தேதியைப் பற்றி. அன்று கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் பொருளாதார வல்லுநர் ஜிம் ஓ'நீல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து 'பிரிக்' என்று பெயர் சூட்டினார். உலகப் பொருளாதாரத்தில் இந்த நான்கின் எடை கூடிக்கொண்டே போகும் என்பது அவர் கணிப்பு. 2009 ஜூனில் ரஷ்யாவின் யெகடெரின்பர்க் நகரில் நான்கு நாட்டுத் தலைவர்களும் கூடினார்கள். வங்கிக்காரர் வைத்த பெயரையே தங்கள் கூட்டணியின் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு தென்னாப்பிரிக்கா சேர்ந்து அது 'பிரிக்ஸ்' ஆனது. ஏகாதிபத்தியத்துக்கு மாற்று என்று மேடைகளில் முழங்கப்படும் கூட்டணிக்குப் பெயர் வைத்தது, எங்கே பணம் போட்டால் எவ்வளவு தேறும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் ஒரு வங்கி. இதை முதலில் மனதில் இருத்துங்கள்.

நாம் நினைவில் வைத்திருப்பது டர்பனை. ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு நடந்தது. இந்தியாவிலிருந்து தலித் செயல்பாட்டாளர்கள் பெருமளவில் அங்கே போனார்கள். அவர்கள் கேட்டது ஆட்சியோ நிலமோ அல்ல, ஒரு பத்தி. மாநாட்டுச் செயல்திட்ட வரைவின் 73ஆம் பத்தி, தொழிலையும் வம்சாவளியையும் வைத்து மனிதரைப் பாகுபடுத்துவதை அரசுகள் தடுக்க வேண்டும் என்றது. 'சாதி' என்ற சொல்கூட அதில் இல்லை. அந்தப் பத்தி இறுதி ஆவணத்தில் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. இந்திய அரசு தன் ராஜதந்திர வலிமை முழுவதையும் திரட்டி அந்தப் பத்தியை வெளியேற்றியது. சாதி வேறு, இனம் வேறு. இது எங்கள் உள்நாட்டு விவகாரம். எங்கள் அரசியல் சட்டமே போதும். இதுதான் இந்தியாவின் வாதம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க நமக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. 'இந்தியாவின் எழுச்சி' ஒரு பாடம். 'சாதி' வேறொரு துறையின் பாடம். ஒன்று வெளியுறவு, மற்றது சமூகவியல். இந்தப் பிரிவினையே ஓர் அரசியல் என்பதுதான் என் வாதம். எழுச்சி பெறும் நாடுகள் உலக ஒழுங்கை மாற்றுகின்றன என்று சொல்லப்படுகிறது. அவை உலக ஒழுங்கின் படிக்கட்டில் ஏறுகின்றன. படிக்கட்டு அப்படியே இருக்கிறது. அடிப்படியில் நிற்கிறவர்களும் அப்படியே நிற்கிறார்கள்.

யாருக்கான கோட்பாடு?

பன்னாட்டு உறவுகள் என்ற படிப்பை எடுத்த தோழர்களுக்கு முதல் பருவத்திலேயே ஒரு படம் வரைந்து காட்டுவார்கள். அதில் நாடுகள் பில்லியர்ட்ஸ் பந்துகளைப் போல ஒன்றோடொன்று மோதும். பந்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. 'இந்தியா விரும்புகிறது', 'சீனா அஞ்சுகிறது', 'அமெரிக்கா கருதுகிறது' என்று நாடுகளை மனிதர்களைப் போலப் பேசிப் பழக்குவார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மாணவர் வெளியே வரும்போது, மலக்குழியில் இறங்கிச் செத்தவரும் அந்த மரணத்துக்கு வழக்குப் பதியாத அதிகாரியும் ஒரே 'இந்தியா'வாக அவருக்குத் தெரிவார்கள்.

இந்தப் படத்தைக் கிழித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் காக்ஸ். கனடாக்காரர். ஏறக்குறைய கால் நூற்றாண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் வேலை பார்த்துவிட்டுப் பேராசிரியரானவர். 1981இல் அவர் எழுதிய கட்டுரை பன்னாட்டு உறவுகளில் விமர்சனக் கோட்பாட்டுக்கு வாசல் திறந்தது. அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. எந்தக் கோட்பாடும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அது யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காகப் பேசுகிறது. கோட்பாடுகள் இரண்டு வகை. ஒன்று, இருக்கும் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டு அதில் எழும் சிக்கல்களைச் சரிசெய்யப் பார்ப்பது. இன்னொன்று, அந்த ஒழுங்கு எப்படி உருவானது, யார் உருவாக்கினார்கள், அதை எப்படி மாற்றலாம் என்று கேட்பது.

நம் ஊர் அனுபவத்தில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். தேர்த் திருவிழாவில் தகராறு வருகிறது. கோட்டாட்சியர் சமாதானக் கூட்டம் போடுகிறார். தேர் எந்தத் தெரு வரை வரும், சேரி மக்கள் எந்த நேரத்தில் சாமி கும்பிடலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். அது முதல் வகை. சேரி ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று கேட்பது இரண்டாம் வகை. முதல் வகைக்கு 'அமைதி' என்று பெயர். இரண்டாம் வகைக்கு 'பிரச்சனை பண்ணுகிறான்' என்று பெயர்.

பிரிக்ஸ் பற்றி நம் செய்தித் தாள்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் வருவதில் பெரும்பகுதி முதல் வகை. இந்தியாவுக்குப் பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கிடைக்குமா? ரூபாயில் வர்த்தகம் நடக்குமா? சீனாவை எப்படிச் சமாளிப்பது? கேள்விகள் எல்லாம் நாற்காலியைப் பற்றியவை. நாற்காலியைச் சுமப்பவர்கள் யார் என்ற கேள்வி இல்லை.

அண்ணலின் சொல்லில் உலக ஒழுங்கு

காக்ஸ் இத்தாலிய மார்க்சியர் கிராம்சியிடம் கற்றுக்கொண்டார். நாம் அண்ணல் அம்பேத்கரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். உலக ஒழுங்கைப் புரிந்துகொள்ள அவர் தந்த ஒரு கருவி, மேற்கத்திய நூல்களில் உள்ள பலவற்றைவிடக் கூர்மையானது. அது படிநிலைச் சமத்துவமின்மை.

சாதி அமைப்பு ஏன் உடையவில்லை என்ற கேள்விக்கு அவர் தந்த விளக்கம் இது. மேலே சிலர், கீழே எல்லாரும் என்று இருந்தால் கீழே இருப்பவர்கள் ஒன்று சேர்ந்து கவிழ்த்துவிடுவார்கள். சாதி அப்படி இல்லை. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு படி, கீழே ஒரு படி. மேலே இருப்பவன் மீது கோபம் இருந்தாலும், கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிறைவு அந்தக் கோபத்தை அடக்கிவிடும். அடிப்படியில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் இந்த அமைப்பில் ஏதோ ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்குதான் அமைப்பைக் காப்பாற்றுகிறது.

இதை அப்படியே உலக வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5 விழுக்காடு வாக்கு. பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும். அதாவது ஒரே நாடு நினைத்தால் எதையும் தடுக்கலாம். இது அநீதி என்று வளரும் நாடுகள் நீண்டகாலம் போராடி, 2010இல் பங்குகளை மாற்றியமைக்கும் சீர்திருத்தம் முடிவாகி, 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சீனாவின் பங்கு சுமார் 4 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆனது. இந்தியாவின் பங்கு 2.4இலிருந்து 2.75 ஆனது. பிரேசிலும் ரஷ்யாவும் ஏறின. அமெரிக்காவின் தடுப்பு அதிகாரம் அப்படியே இருந்தது.

மற்ற பக்கத்தையும் பாருங்கள். நைஜீரியாவின் பங்கு சுமார் 0.74இலிருந்து 0.51க்கு இறங்கியது. வெனிசுவேலா இறங்கியது. பிரிக்ஸின் சொந்த உறுப்பினரான தென்னாப்பிரிக்காவே 0.78இலிருந்து 0.64க்கு இறங்கியது. மேலே இருப்பவன் தடுப்பு அதிகாரம் போகவில்லை. நடுவில் இருப்பவர்கள் ஒரு படி ஏறினார்கள். கீழே இருந்தவர்களில் சிலர் இன்னும் கீழே போனார்கள். தென்னுலகின் வெற்றி என்று கொண்டாடப்பட்டது இதுதான்.

பிரிக்ஸ் தானே கட்டிய அமைப்புகள் வேறு மாதிரி என்பார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டர்பனில் 2013 மார்ச்சில் கூடிய பிரிக்ஸ் உச்சி மாநாட்டில் முடிவாகி, 2015இல் இயங்கத் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியில் ஐந்து நிறுவன நாடுகளுக்கும் சம வாக்கு. எவருக்கும் தடுப்பு அதிகாரம் இல்லை. உலக வங்கியில் இல்லாத நியாயம் அது. ஆனால் அதனுடன் பிறந்த 10,000 கோடி டாலர் அவசரகால நிதி ஏற்பாட்டின் விதியைப் பாருங்கள். நெருக்கடியில் சிக்கிய உறுப்பு நாடு தன் பங்கில் 30 விழுக்காட்டை மட்டுமே நேரடியாக எடுக்கலாம். மிச்சம் 70 வேண்டுமென்றால் முதலில் ஐ.எம்.எஃப். நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மாற்று என்று கட்டிய வீட்டின் சாவி பழைய பண்ணையார் இடுப்பிலேயே தொங்குகிறது.

கிராம்சி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். கீழிருந்து வரும் எதிர்ப்பின் தலைவர்களை ஒவ்வொருவராக மேலே இழுத்து, அமைப்பின் உள்ளே இடம் கொடுத்து, எதிர்ப்பின் பல்லைப் பிடுங்குவது. காக்ஸ் இதை உலக நிறுவனங்களுக்குப் பொருத்தினார். பிரேசிலிலிருந்து ராணுவ ஆட்சியால் விரட்டப்பட்ட ருய் மவுரோ மரினி, இப்படி நடுப்படியில் நின்று மேலே பணிந்து கீழே சுரண்டும் நாடுகளின் நிலைக்குத் துணை ஏகாதிபத்தியம் என்று பெயரிட்டார். நம் ஊரில் இதற்குத் தனிப்பெயரே வேண்டாம். ஆண்ட பரம்பரைப் பெருமை பேசிக்கொண்டு, மேலே கோயில் கருவறைக்குள் நுழைய முடியாத நிலையில், கீழே சேரிக்குத் தீ வைக்கும் நடுச்சாதி அரசியலை நாம் தினம் பார்க்கிறோம்.

படிக்கு அடியில் யார்?

மூன்று பிரிக்ஸ் நாடுகளிலிருந்து மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

மரிக்கானா, தென்னாப்பிரிக்கா. 2012 ஆகஸ்ட் 16. பிளாட்டினம் சுரங்கத்தில் பாறை துளைக்கும் தொழிலாளர்கள் மாதம் 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் சுட்டதில் ஒரே நாளில் 34 பேர் செத்தார்கள். சுரங்கம் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லோன்மின் நிறுவனத்துடையது. அதன் இயக்குநர்களில் ஒருவர் சிரில் ராமபோசா. நிறவெறிக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர் அவர். துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய நாள், நடப்பது குற்றச் செயல், அதற்கேற்ற நடவடிக்கை வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதியதும் அவர்தான். விசாரணை ஆணையம் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. 2018இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். சட்டப்படி அவர் மீது குற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சங்கத் தலைவர் இயக்குநர் நாற்காலிக்குப் போக முடிந்தது. தொழிலாளி துளையிடும் பாறையை விட்டு நகர முடியவில்லை. 'எழுச்சி' என்ற சொல்லின் பொருள் அதுதான்.

அல்காண்டரா, பிரேசில். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களின் வழிவந்த மக்களை அங்கே கிலோம்போலா என்பார்கள். 1980களில் ராக்கெட் ஏவுதளம் கட்ட அவர்களில் 312 குடும்பங்கள் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டன. மீன் பிடித்து வாழ்ந்தவர்களைக் கடல் எட்டாத உள்நாட்டுக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரேசில் விண்வெளி வல்லரசாக வேண்டும் அல்லவா? அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2025 மார்ச்சில்தான் இதில் பிரேசில் அரசு பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

கம்பெல்லா, எத்தியோப்பியா. இங்கே முதலாளி இந்தியர். பெங்களூரைச் சேர்ந்த, ரோஜாப்பூ ஏற்றுமதியில் பேர்பெற்ற கருதூரி நிறுவனத்துக்கு அந்த மாநிலத்தில் ஒரு லட்சம் ஹெக்டேர் குத்தகைக்கு விடப்பட்டது. அதே காலத்தில் அனுவாக் உள்ளிட்ட பழங்குடிகள் தங்கள் இடங்களிலிருந்து கட்டாயமாகப் பெயர்க்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. வாக்களித்த விளைச்சல் வரவில்லை. 2015 இறுதியில் அரசு குத்தகையை ரத்து செய்தது. தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்று இதற்குத்தான் பெயர் வைத்திருந்தார்கள். 2024இல் எத்தியோப்பியாவும் பிரிக்ஸில் சேர்ந்துவிட்டது. குத்தகை கொடுத்த அரசும் குத்தகைக்காரரின் அரசும் இப்போது ஒரே மேசையில். அனுவாக் மக்களுக்கு அந்த மேசையில் இடம் இல்லை.

இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அடிபட்டவர்கள் வெறும் ஏழைகள் அல்லர். கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர், அடிமைகளின் வழித்தோன்றல், பழங்குடி. பிறப்பு ஏற்கெனவே அவர்களைக் கீழ்ப்படியில் நிறுத்தியிருந்தது. வளர்ச்சி தன் சுமையை இறக்கி வைக்க அந்தப் படியைத்தான் தேடிப் போனது. 2023 செப்டம்பரில் தில்லியில் ஜி20 மாநாடு நடந்தபோது 'ஒரே பூமி, ஒரே குடும்பம், ஒரே எதிர்காலம்' என்று ஊரெங்கும் எழுதி வைத்தார்கள். விருந்தாளிகள் போகும் வழியில் குடிசைப் பகுதிகளைப் பச்சைத் துணி போட்டு மறைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் துணிக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன முறை?

1946இல் ஒரு நியாயம், 2001இல் ஒரு நியாயம்

இறையாண்மை என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞர்களில் பலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நம் வீட்டுச் சண்டையை வெள்ளைக்காரனிடம் கொண்டுபோவதா என்ற குற்றவுணர்வு. அவர்களுக்காக ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். தமிழ் பேசியவர்கள் அதில் பெருந்தொகை; ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் பலர். 1946இல் தென்னாப்பிரிக்க அரசு, அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று எல்லை போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'கெட்டோ சட்டம்' என்று மக்கள் அதை அழைத்தார்கள். தமிழில் சொன்னால் சேரிச் சட்டம்.

இன்னும் முழு விடுதலைகூடப் பெறாத இந்தியா அந்த ஆண்டே ஐ.நா.வின் முதல் பொதுப்பேரவைக்கு இதைக் கொண்டு போனது. தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையும் துண்டித்தது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. சாசனப்படி நீங்கள் தலையிட முடியாது என்று தென்னாப்பிரிக்கா வாதிட்டது. மனித கண்ணியம் எந்த நாட்டின் உள்நாட்டு விவகாரமும் அல்ல என்பதுதான் விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன இந்தியக் குழுவின் நிலை. டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு இந்தியா வென்றது. நிறவெறிக்கு எதிரான உலக இயக்கத்தின் தொடக்கங்களில் அது ஒன்று. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது பெருமைக்குரியது.

ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே நாட்டில், அந்தக் கூலிக் கப்பல் வந்து நின்ற அதே டர்பனில், 'உள்நாட்டு விவகாரம்' என்ற கேடயத்தை இந்தியா கையில் எடுத்தது. அன்று வெள்ளையர் ஆட்சி தூக்கிப் பிடித்த கேடயம் அது. அந்நிய மண்ணில் இந்தியருக்குச் சேரி கட்டினால் அது உலகப் பிரச்சனை. இந்திய மண்ணில் இந்தியருக்கு இந்தியர் சேரி கட்டினால் அது குடும்பப் பிரச்சனை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1965இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் இனம், நிறம் என்பவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் இருக்கிறது. வரைவின்போது அந்தச் சொல்லை முன்மொழிந்ததே இந்தியா. 1968இல் அதை ஏற்று உறுதியும் செய்தது. அந்தச் சொல்லில் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1996இல் இந்தியாவிடமே சொன்னது; 2002இல் எல்லா நாடுகளுக்கும் பொதுப் பரிந்துரையாகவே வெளியிட்டது. இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

டர்பனோடு இது நிற்கவில்லை. கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் என்ற அமைப்பு, ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு 2008இல் விண்ணப்பித்தது. உலகில் ஆயிரக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் பெற்றிருக்கும் சாதாரணத் தகுதி அது. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தியப் பிரதிநிதி ஒரு புதுக் கேள்வி கேட்பார். பதில் வரும்வரை விண்ணப்பம் தள்ளிவைக்கப்படும். பதில் போனால் அடுத்த கூட்டத்தில் அடுத்த கேள்வி. இப்படியே 2022 டிசம்பர் வரை இழுத்தார்கள். தாசில்தார் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த முறை நன்றாகத் தெரியும்.

நம்மை மடக்கும் கேள்விகள்

'இப்படிப் பேசினால் அமெரிக்காவுக்கு ஆதரவாகிவிடாதா?' இடதுசாரித் தோழர்கள் கேட்பது. நியாயமான கேள்விதான். டர்பன் மாநாட்டிலிருந்து பாதியில் எழுந்து போனது அமெரிக்காவும் இஸ்ரேலும். அடிமை வணிகத்துக்கு இழப்பீடு என்ற பேச்சை ஐரோப்பிய நாடுகள் தட்டிக் கழித்தன. பிரிட்டன் தன் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றத்தில் முடிவெடுத்துவிட்டு, 2018இல் வேண்டாம் என்று கைகழுவியது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் தடுப்பதிகாரத்தால் கொன்றார். மேற்கு நமக்குக் காவலன் அல்ல. ஒரு பக்கம் வெள்ளை மாளிகை, இன்னொரு பக்கம் சவுத் பிளாக். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதே பொய்யான தேர்வு. பண்ணையாரை எதிர்ப்பதற்காகக் கங்காணியைக் கும்பிட வேண்டியதில்லை.

'பல்துருவ உலகம் வந்தால் ஏழை நாடுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்குமே?' சில நேரம் கிடைக்கும். கொரோனா காலத்தில் தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்தக் கோரி 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கொண்டுபோன தீர்மானம் சரியானது. மேற்கு நாடுகள் அதை நீர்த்துப்போக வைத்தன. காசாவுக்காக 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதும் சரியானது. இவற்றை ஆதரிப்போம். ஆனால் இவை எழுச்சியால் தானாக வந்தவை அல்ல. எய்ட்ஸ் மருந்துக்காக வீதியில் நின்ற நோயாளிகள், நிறவெறியை எதிர்த்து உயிர்விட்ட தலைமுறை, இவர்கள் அரசை அந்த இடத்துக்குத் தள்ளினார்கள். உள்நாட்டில் மக்கள் தள்ளாத எந்த அரசும் வெளிநாட்டில் நியாயம் பேசியதில்லை.

'முதலில் நாடு வளரட்டும், பிறகு சாதியைப் பார்க்கலாம்.' இது பழைய பாட்டு. முதலில் சுதந்திரம், பிறகு சமூகச் சீர்திருத்தம் என்று அண்ணலிடம் பாடிய அதே பாட்டு. பொருளாதார அளவில் இந்தியா ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டது என்று 2022இல் கொண்டாடினார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஏன்? சாவு நிற்கவில்லை. எத்தனையாவது இடத்துக்கு வந்தால் குழியில் இறங்குவது நிற்கும் என்று யாராவது சொல்லட்டும்.

நமக்கென்று ஒரு வெளியுறவு

தலித் அரசியலுக்கு வெளியுறவு எதற்கு என்று நினைப்பவர்கள் அண்ணலைப் படிக்கவில்லை. 1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அவர் சொன்ன காரணங்களில் வெளியுறவுக் கொள்கையும் ஒன்று. ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. அதற்குக் காரணம் நம் வெளியுறவுக் கொள்கை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நாடுகளுக்கிடையே எடுக்கும் முடிவு ஏழையின் தட்டில் எதைக் குறைக்கிறது என்று பார்த்தார். விமர்சனக் கோட்பாடு என்றால் வேறென்ன?

அதற்கும் முன்பே, 1946இல், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், நாங்களும் அப்படி ஒன்று கொடுக்க யோசிக்கிறோம் என்று கேட்டார். டு பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். கவனியுங்கள். இந்திய அரசு ஐ.நா.வுக்குத் தென்னாப்பிரிக்க விவகாரத்தைக் கொண்டுபோன அதே ஆண்டு அது. அரசுகள் அரசுகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்கப்பட்டவர்களோடு பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது பேச்சுதான் நம் வெளியுறவு.

இன்று அதைத் தொடர ஆட்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் புராக்குமின், மொரிட்டானியாவில் ஹராத்தின், நைஜீரியாவில் ஒசு, பிரேசிலில் கிலோம்போலா. தொழிலாலும் பிறப்பாலும் தள்ளிவைக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கண்டத்திலும் இருக்கிறார்கள். பிரேசில் தன் 2022 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதன்முறையாகக் கிலோம்போலா மக்களைத் தனியே எண்ணியது. 13 லட்சத்துக்கும் மேல். எண்ண வைத்ததே ஒரு போராட்டம். நம்மூர்ச் சாதிவாரிக் கணக்கெடுப்புப் போராட்டத்துக்கு அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல நம்மிடமும் இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். அடுத்த பிரிக்ஸ், ஜி20 அறிக்கை வரும்போது முழுவதும் படியுங்கள். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, சாதி, வம்சாவளி என்ற சொற்கள் வருகின்றனவா என்று எண்ணுங்கள். வகுப்பில் 'இந்தியாவின் நலன்' என்று ஆசிரியர் சொன்னால், எந்த இந்தியரின் நலன் என்று எழுந்து கேளுங்கள். பன்னாட்டு உறவுகளில் ஆய்வு செய்ய வாய்ப்பு இருந்தால் எல்லைப் பிரச்சனையை ஆயிரத்தோராவது முறையாக எழுத வேண்டாம், ஐ.நா. ஆவணங்களில் இந்தியா சாதியைப் பற்றிச் சொன்னதையும் மறைத்ததையும் தேடி எடுங்கள். அவை பொது ஆவணங்கள், இணையத்தில் கிடைக்கின்றன, தமிழில் கொண்டுவர ஆள் இல்லை. போர்த்துக்கீசியமோ பிரெஞ்சோ ஜப்பானியமோ கற்கும் தோழர் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருந்தால்கூட நம் இயக்கத்துக்கு அது பெரிய பலம்.

நாடு ஒரு படி ஏறும்போது கைதட்டச் சொல்வார்கள். கைதட்டுவதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள். அந்தக் கால் எதன் மேல் ஊன்றி ஏறுகிறது என்று தெரியும். அண்ணல் நமக்குச் சொல்லிக் கொடுத்தது மேல்படிக்கு ஏறும் வழியை அல்ல. படிநிலையையே இடிக்க வேண்டும் என்பதை. ஊரில் அது எவ்வளவு உண்மையோ, உலகிலும் அவ்வளவு உண்மை.

ஜெய் பீம்.